ஓர வெளிச்சம்

“ஒடி, ஒடி… லெப்டு பாத்தும்மா, லெப்டு!”

கோவிந்தராஜ் இரு கைகளையும் ஆட்டிக் கூவ, மைதிலி ஜிப்சி ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஐஸ் பெட்டியை ஏற்றி வந்த வண்டி வழி கிடைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. அப்பாவின் வண்டி வெளியே போனால்தான் அப்பா உள்ளே வர முடியும். ஓட்டுநர் இருக்கை அவருடைய உயரத்துக்குத் தக்கபடி பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அதனை முன்னுக்கு இழுக்க மனம் வராமல், நுனியில் அமர்ந்துகொண்டு, கால் கட்டைவிரலால் கிளட்சை எட்டி எட்டி மிதித்தாள்.

கேட்டின் தூணில் வண்டியின் பச்சைச் சாயம் வரிவரியாக அப்பியிருந்தது. அந்தத் தூணை ஆடி மாதத்தில்தான் இடித்து ஒரு முழம் தள்ளிக் கட்டியிருந்தார்கள். தள்ளிக் கட்டிய பிறகும் சாயம் அப்பத்தான் செய்தது.

“வண்டிக்காவ ஊட்டை இடிச்ச ஒரே ஆளு உங்கப்பன்தாம்மா” என்று பழக்க தோஷத்தில் கேலியாகச் சொல்லிவிட்டார் கோவிந்தராஜ். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மதிற்சுவரின் பக்கம் திரும்பி நின்றார்.

அவள் அப்பா தேவராஜும் அவரும் ஆவடி டாங்க் ஃபாக்டரியில் ஒரே பிரிவில் பணியாற்றியவர்கள். கடைந்து வரும் உதிரிப் பாகங்களை அளந்து, நல்லது இது, தள்ளுபடி இது என்று முத்திரையிடும் பிரிவு. தேவராஜ் ஒன்றைத் தள்ளுபடி என்று சொல்லிவிட்டால் மேலதிகாரியும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. “தேவராஜ் கண்ணு மைக்ரோமீட்டர்” என்பது அங்கே பழமொழி போலவே வழங்கிற்று. ஆண்டுதோறும் நடக்கும் கண் பரிசோதனையிலும் அவர் கடைசி வரியின் பொடி எழுத்துகளை மடமடவென்று படித்துவிட்டு வருவார். வந்ததும் திருமுல்லைவாயில் வீட்டின் கூடத்தில் நின்று, “அம்பத்தேழு வயசு, கண்ணாடி இல்ல” என்று மார்பைத் தட்டிக்கொள்வார். வீட்டில் எந்தப் பொருள் கோணலாக இருக்கிறது என்று அவர் சொன்னாலும் அது கோணல்தான். அதில் மனைவி சரசாவுக்கோ மகள் மைதிலிக்கோ இரண்டாவது கருத்து இருந்ததில்லை.

ஐஸ் பெட்டி உள்ளே போயிற்று. அதன் பின்னே ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

*

முந்தைய நாள் மாலைவரை அவர் நன்றாகத்தான் இருந்தார். தலைவலி என்று படுத்தவர் வாந்தி எடுத்தார். பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து முடித்ததும், வயதில் மைதிலியைவிட இரண்டொரு ஆண்டே மூத்தவளாயிருக்கக்கூடிய மருத்துவர் ஒருத்தி அவளைத் தனியே அழைத்தாள்.

“மூளைக்கு அடியில, கண் நரம்பு ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு கட்டி இருக்கு. ரொம்ப நாளா மெதுவா வளர்ந்திருக்கு. இப்ப அதுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. அப்பாவுக்குப் பார்வை எப்படி? நேரா பாக்கும்போது ரெண்டு பக்கமும் ஓரத்துல இருக்கறது தெரியலன்னு சொன்னாரா? எதுலயாவது இடிச்சுப்பாரா?”

“இல்ல டாக்டர், கண்ணு அவருக்கு ரொம்ப நல்லா இருக்கும்” என்று மைதிலி உடனே சொன்னாள். “வண்டி லைட்டுதான் ஓரத்துல டல்லா இருந்துச்சு.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். “வண்டி லைட்டா?”

“ஆமா. மாத்திக்கிட்டே இருக்கோம்.”

மருத்துவர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். விடியுமுன் எல்லாம் முடிந்த பிறகு, மைதிலி வலியப் போய்க் கேட்டதனால்தான் மீதியையும் சொன்னாள். அது கெட்ட கட்டி அன்று, முன்பே தெரிந்திருந்தால் மூக்கின் வழியாகவே எடுத்திருப்பார்கள், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டு, “சாரி” என்று அவள் தோளைத் தொட்டாள். தன்னுடைய விடை தன் காதிலேயே திரும்ப விழ, மைதிலி அந்த நீண்ட தாழ்வாரத்தில் நின்றாள். மாத்திக்கிட்டே இருக்கோம்.

*

அந்த ஜிப்சி, இராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் தள்ளிய சின்ன வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். சேற்றிலும் பாறையிலும் ஏறும். ஞாயிறுதோறும் விடிவதற்குமுன் நான்கைந்து நண்பர்கள் இத்தகைய வண்டிகளோடு சேர்ந்து, வற்றிய ஏரிப் படுகைகளிலும் மலையடிவாரத்து மண்பாதைகளிலும் ஓட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் சேறு வழிய வீடு திரும்புவார்கள். தேவராஜுக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லையாதலால், சரசா இதனைப் பொறுத்துக்கொண்டாள்.

சென்ற ஆண்டின் மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவர், “நடுவுல பாதை தெரியுது பாப்பா. ரெண்டு ஓரமும் இருட்டா கீது. பழைய லைட்டு, செத்துப்போச்சு போல” என்றார்.

அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளுக்கு அது ஒரு திருவிழாவுக்கான அழைப்பாயிற்று. விளக்குகளைப் பற்றி இணையத்தில் கிடைத்தவற்றையெல்லாம் படித்தாள். மஞ்சளாய் அழுது வடிந்த பழைய பல்புகளைக் கழற்றி, எல்.இ.டி. விளக்குகளை வரவழைத்தாள். பட்டாபிராம் மெக்கானிக் முகமது ஆசிக் தடித்த ஒயர் இழுத்து, ரிலே வைத்து மாட்டிக் கொடுத்தான். வெளிச்சம் பால் போல வெண்மையாக அடித்தது.

“நல்லா கீது. ஆனா ஓரத்துல பத்தல” என்றார் அப்பா.

பிறகு அவருக்குத் தலைவலி வரத் தொடங்கியது. வெள்ளை வெளிச்சம் கண்ணை உறுத்தும், தலையை வலிக்கச் செய்யும் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்து, அந்த விளக்குகளைக் கழற்றிவிட்டுச் சந்தன நிறத்தில் எரிபவற்றை வாங்கி மாட்டினாள். தலைவலி போகவில்லை. ஓரமும் தெரியவில்லை. கடைசியாக, முன்பக்கத்து இரும்புத் தடுப்பில் இரண்டு சிறு விளக்குகளை, ஒன்று இடமும் ஒன்று வலமும் பார்த்தபடி, ஓரத்துக்கென்றே பொருத்தினார்கள்.

அதைச் சரிபார்த்த ஐப்பசி மாலை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டி கேட்டை ஒட்டி, வீட்டைப் பார்த்தபடி நின்றது. இடப்பக்க மதிற்சுவரை ஒட்டிக் குழாயடி. அங்கே போய் நின்றுகொண்டு, “நேரா பாருப்பா, ரோட்டைப் பாக்கற மாதிரி. தலையத் திருப்பாத. நான் தெரியறேனா?” என்று கேட்டாள்.

“எங்க நிக்கற?”

அவள் சிரித்துவிட்டாள். சுவரையொட்டி வீட்டின் பக்கமாக மெல்ல நடந்தாள். குழாயடியைத் தாண்டி, துளசித் தொட்டியைத் தாண்டி, முல்லைக்கொடியின் அருகே வந்தபோது, “ஆங், இப்பத் தெரியுது பாரு!” என்றார். சரசா கறுப்பு ஒயர் டேப்பைப் பிடித்துக்கொள்ள, மைதிலி ஒரு சாண் கிழித்துச் சுவரில் அந்த இடத்தில் ஒட்டினாள். வெளிச்சத்தின் எல்லை அது. அதனைக் குழாயடிவரை கொண்டுவந்துவிட வேண்டும் என்பது திட்டம். ஸ்பானரால் விளக்கைத் திருப்பினாள்; கேட்டாள்; மறுபடி திருப்பினாள். எல்லை நகரவில்லை. விளக்குக்கு எதிரே நின்ற அவளுக்கு எங்கும் வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து பார்ப்பது வேறல்லவா? அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கே அமர்ந்திருந்தவர் தேவராஜ்.

*

உடலைக் கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்தார்கள். தெருவில் ஷாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். ஃபாக்டரியிலிருந்து பேருந்தில் ஆள்கள் வந்து, மாலையை வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள்.

சரசா அழவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் தேங்கிய ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் அமர்ந்திருந்த நாத்தனார் வேம்புலியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். தேவராஜுக்கு மூத்தவளான அந்த அம்மாளுக்குக் காது சற்று மந்தம். ஆதலால் சரசா உரக்கவே பேச வேண்டியிருந்தது.

“நடுவுல கொழம்பு ஊத்துனா துன்னுவாரு அண்ணி. ஓரத்துல கூட்டு வச்சேன், அப்பளம் வச்சேன்னா அத்தத் தொடாமயே எந்திரிச்சிப் பூடுவாரு. ஒரு வருசமா இதே கதைதான். பக்கத்துல தண்ணி வச்சா தட்டி வுட்டுட்டு, ஏன் இங்க வச்சேன்னு கத்துவாரு. எம்மேல இன்னா கோவம்னு தெரியல. கேட்டா சண்டை வருமோன்னு கேக்காமயே இருந்துட்டேன். கடைசிவரைக்கும் சொல்லாமயே பூட்டாரே!”

“ஆம்பளைங்க கோவம் அப்படித்தான் சரசா. எங்க நைனா ஒரு தபா கருவாட்டுக்கு உப்பு இல்லன்னு பொங்கல்லேந்து ஆடி வரைக்கும் எங்கம்மா கூடப் பேசல.”

“அதுக்காச்சும் காரணம் இருந்துதே அண்ணி. நான் இன்னா பண்ணேன்?”

காப்பித் தட்டோடு வந்த மைதிலி கதவருகே நின்றுவிட்டாள். அது கோபமன்று என்று அம்மாவின் காதில் சொல்லிவிடலாம். சொன்னால் ஒரு வருடத்து முள் கழன்று விழும். ஆனால் முள் இருந்த இடத்தில் எதனை வைப்பது? தட்டின் ஓரம் தெரியவில்லை என்று சொன்னால், ஏன் தெரியவில்லை என்ற கேள்வி எழும். அதன் பின்னாலேயே தூண் வரும், தலைவலி வரும், மாற்றி மாற்றி வாங்கிய விளக்குகள் வரும். முறைப்படி வரிசையாக எல்லாம் வந்து கூடத்தில் உட்காரும்.

ஆனால் விளக்கு உண்மையாகவே மங்கலாக இருந்திருந்தால்? அம்மாவின் தட்டு வேறு சங்கதி, வண்டி வேறு சங்கதி என்று இருந்திருந்தால்? மருத்துவருக்குச் சொன்ன விடையில் பாதியாவது மெய்யாக இருந்திருந்தால்? அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு எஞ்சிய நாள்களைக் கழித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றிற்று.

முகமது ஆசிக் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, கிரீஸ் கறை போகாத விரல்களால் மாலையை ஏந்தியபடி வந்தான். வைத்துவிட்டு வெளியே வந்தவனை மைதிலி மதிலோரம் நிறுத்தினாள்.

“ஆசிக் அண்ணா, ஒண்ணு கேக்கணும். நம்ம வண்டி லைட்டு நெஜமாவே டல்லாதான் இருந்துச்சா?”

“இன்னா தங்கச்சி, நைனாவ உள்ள வச்சிகினு வண்டிப் பேச்சு…”

“சொல்லுங்கண்ணா.”

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான். “நான் எங்க பாத்தேன்? எப்பவும் பகல்லதான் வேலை. மாட்டுனேன், எரியுதான்னு பாத்தேன், வுட்டுட்டேன். நைனா வந்து, ‘டேய், ஓரத்துல பத்தலடா’ன்னுவாரு. அவரு சொல்லிட்டா அப்பீல் ஏது? மறுபடி கழட்டுவேன்.”

“ஒயரிங்ல எதுனா கோளாறு இருக்குமா?”

“இருக்கலாம். மில்ட்ரி வண்டி, பழைய பாடி. எர்த்து சரியாப் புடிக்கலன்னா பாதி வெளிச்சங்கூட வராது.” அவளுடைய கண்கள் விரிந்ததைக் கண்டு, தான் ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாக எண்ணி, அதையே அழுத்தினான். “ஆமா, எர்த்துதான். சர்வ நிச்சயமா எர்த்துதான். பதினாறாம் நாளு முடியட்டும், நானே வந்து பாக்கறேன். நீ இத்த மனசுல வச்சி ஒழப்பிக்காத.”

எர்த்து. மைதிலி அந்தச் சொல்லை உள்ளங்கையில் கற்பூரத்தை மூடிக்கொள்வதுபோல மூடிக்கொண்டாள்.

*

மேளம் அடித்தது. தேவராஜின் தம்பி மகன் அஸ்வின் கொள்ளிச் சட்டியை ஏந்தி முன்னே நடந்தான். பெண்கள் தெருமுனைவரை சென்று நின்றுவிட்டனர். பூத்தேர் திரும்பி மறைந்த பிறகும் பட்டாசுப் புகை சிறிது நேரம் அங்கேயே நின்றது. பிறகு தூறல் விழுந்தது.

வீட்டைக் கழுவிவிட்டு, அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் வேம்புலியம்மாள் ஓர் அகலை ஏற்றி வைத்தாள். சாக்கடை வழிந்து தெருவில் நீர் ஏறுமென்று பக்கத்து வீட்டார் எச்சரிக்க, மைதிலி ஜிப்சியை உள்ளே கொண்டுவந்து அதன் பழைய இடத்தில், கேட்டை ஒட்டி, வீட்டைப் பார்த்தபடி நிறுத்தினாள். சாவியை எடுக்காமல் அப்படியே அமர்ந்திருந்தாள். வண்டிக்குள் அப்பாவின் வேர்வை வாடையும் ஏரிச் சேற்றின் வாடையும் கலந்திருந்தன. கார்த்திகை மாதத்து மாலை. சட்டென்று இருட்டிக்கொண்டு வந்தது.

தலைக்கு நீர் ஊற்றுவதற்காகச் சரசாவைக் கைத்தாங்கலாகக் குழாயடிக்கு அழைத்து வந்தார்கள். ஒரு குடம் ஊற்றியிருப்பார்கள், மின்சாரம் போய்விட்டது. கூடத்து அகல் ஒன்றே எட்டத்தில் மினுங்கிற்று. கேட்டுக்கு வெளியே, சுடுகாட்டிலிருந்து திரும்பும் ஆடவர்களின் குரல் கேட்டது.

“அடி மைதிலி!” என்று வேம்புலியம்மாள் கூவினாள். “ஒண்ணும் தெரியலடி. ஆம்பளைங்க வேற கால் கழுவ வராங்க. பாசி வழுக்குது. வண்டில உக்காந்துகினுதானே கீற? அந்த லைட்டைப் போடு!”

மைதிலியின் கை சுவிச்சின்மேல் போய் நின்றது.

எர்த்துதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மங்கலாக எரியவேண்டும். தான் தேடித் தேடி வாங்கிய விளக்கு, தானே ஸ்பானர் பிடித்துத் திருப்பிய விளக்கு, அழுது வடிய வேண்டும். குழாயடி இருட்டாகவே கிடக்க வேண்டும். தன் வாழ்நாளில் இப்படி ஒன்றை அவள் எந்தத் தெய்வத்திடமும் கேட்டதில்லை. இருக்கையில் முழுவதுமாகப் பின்னே சாய்ந்தாள். அவர் உட்கார்வதுபோல் உட்கார்ந்தாள். தலையைத் திருப்பாமல், சாலையைப் பார்ப்பதுபோல் நேரே பார்த்தாள்.

அழுத்தினாள்.

வீடு எழுந்து வந்து எதிரே நின்றது. தூறலின் ஒவ்வோர் இழையும் தெரிந்தது. வலப்பக்கத்தில் மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகள் மின்னின. இடப்பக்கத்தில் முல்லைக்கொடி, துளசித் தொட்டி, அதற்கும் இப்பால் குழாய், குழாயின் வாயில் கட்டிய துணி, நனைந்த புடைவையோடு நிற்கும் அம்மா, அவள் காதோரத்து நரைமயிரிலிருந்து சொட்டும் நீர். எல்லாம் பட்டப்பகல்போல் தெரிந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“யப்பா!” என்று கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்த கோவிந்தராஜ், சுவர்களில் பட்டுத் தெறித்த வெளிச்சத்துக்கே கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். “இன்னாம்மா இது, ஏரோப்ளான் எறங்கற மாதிரி! இத்தப் போயா அவன் பத்தல, பத்தலன்னு சொல்லிகினு கெடந்தான்?”

ஆடவர்கள் ஒவ்வொருவராகக் காலைக் கழுவிக்கொண்டு, அகலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ‘போய்வருகிறேன்’ என்று சொல்லாமல் திரும்பிச் சென்றார்கள். ஆசிக் மட்டும் வண்டியின் அருகே ஒரு கணம் தயங்கினான். விளக்கைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அவனும் போய்விட்டான்.

“உள்ள வா சரசா, குளிருது பாரு” என்று வேம்புலியம்மாள் இழுத்தாள். சரசா நகரவில்லை. அவள் வண்டியைப் பார்த்தாள். தன் ஈரக் கைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, தனக்கு அப்பால், முல்லைக்கொடியின் அருகே சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இன்னாடி அங்க?” என்றாள் நாத்தனார்.

சரசா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போனாள். டேப்பின் நுனியை நகத்தால் நிமிண்டினாள். மழையில் ஊறியிருந்தும் அது எளிதில் வரவில்லை; துணுக்குத் துணுக்காகக் கிழிந்தது. கிழிந்த துணுக்குகளை இடக்கையில் சேர்த்துக்கொண்டே, மறுபடி மறுபடி நிமிண்டினாள்.

மைதிலி நேரேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணின் ஓரத்தில் அம்மாவின் விரல்கள் சுரண்டிக்கொண்டே இருந்தன.